பதினெட்டு புள்ளி நான்கு

பதினெட்டு புள்ளி நாலு, பதினெட்டு புள்ளி நாலு என்று காலையிலிருந்து நாக்கு தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கிய கீரை நாரைத் துழாவுவதுபோல. ஒன்பதே முக்காலுக்குச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருபது பெண்பிள்ளைகளையும் நிற்கவைத்துச் சொன்னது நான்தான், இந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேதியியல் நடத்துகிற சுலோசனா டீச்சர். "பியூரெட்டுல பதினெட்டு புள்ளி நாலு வரைக்கும் இறக்குங்க, மூடுங்க, எழுதுங்க. மூணு தடவையும் அதே நம்பர்தான். கையில எழுதி வைக்காதீங்கடி, வெளியூர் சார் பார்த்துடுவார்." பிள்ளைகள் உதடசைய மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தி கண்ணை மூடி, சாமி கும்பிடுவதுபோல மூன்று முறை சொல்லிக்கொண்டாள். கடைசியில் நின்ற பூமயில் மட்டும், "கலர் வரலைன்னாலும் மூடிடணுமா டீச்சர்?" என்று கேட்டாள். "ஆரம்பிச்சுட்டாடி விஞ்ஞானி" என்று நாகவள்ளி அவள் விலாவில் இடிக்க எல்லோரும் சிரித்தார்கள், அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்ததால்தான் நான் பதில் சொல்லவில்லை. அப்படித்தான். மணி அடிக்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறேன். பதில் வரவில்லை, பதினெட்டு புள்ளி நாலுதான் வருகிறது.

மணி பத்து இருபது. மேஜைக்கு ஐந்து பேராக நான்கு மேஜைகள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு தாங்கி, அதில் நெட்டுக்குத்தலாக ஒரு பியூரெட், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய், மேலிருந்து கீழாகக் கோடுகள், அடியில் திருகு. குழாயில் ஊதாக் கரைசல், கிணற்றுத் தண்ணீரில் போடுகிற அதே பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் தண்ணீர் நிறத்தில் இன்னொரு கரைசல். ஊதா சொட்டுச் சொட்டாக விழும், விழுந்ததும் மறையும், விழும், மறையும், எந்தச் சொட்டில் மறையாமல் இளஞ்சிவப்பாக நின்றுவிடுகிறதோ அந்தச் சொட்டில் திருகை மூடிக் கோட்டைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் இந்தத் தேர்வு. பொறுமையுள்ள எந்தக் கையும் செய்யும். செய்து பார்த்திருக்க வேண்டும், அதுதான். இருக்கிற ஒரே மின்விசிறிக்குக் கீழே ஜோசப் தங்கையா சார் உட்கார்ந்து பிள்ளைகளின் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியூர் சார் இவர்தான், டவுனில் தனியார் பள்ளி வாத்தியார், நல்ல மனுஷர், பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. "எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்" என்கிறார். இருக்கும், போன வருஷத்துப் பிள்ளைகளுடையதைப் பார்த்து எழுதியது, அவர்கள் அதற்கு முந்தின வருஷத்துப் பிள்ளைகளுடையதைப் பார்த்து. நான்காவது சோதனையை ஆறு வருஷமாக எல்லாப் பிள்ளைகளும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிதான் செய்திருக்கிறார்கள். எவளோ ஒருத்தி எப்போதோ யோசிக்காமல் எழுதிய தேதி. கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு போன நாளில் ஆறு வருஷத்துப் பிள்ளைகள் ஆய்வகத்தில் நின்று சோதனை செய்ததாகக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. பச்சை மையில், சு-வின் வால் நீண்டு.

பியூரெட்டுகளின் நெற்றியில் வெள்ளை பெயிண்டில் எண்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. எங்கள் எண்கள் அல்ல, எங்களுக்கு இருபதுக்கு மேல் ஏது. கார்த்திகை மாதம் மழையில் நனைந்த அட்டைப் பெட்டிகளில் இவை வந்து இறங்கியபோது கண்ணாடி வெறும் கண்ணாடியாக, பேர் வைக்காத பிள்ளை மாதிரி இருந்தது. ஆறு வருஷம் எழுதிக் கேட்டு வந்தது. பெட்டியைப் பிரித்து வைக்கோலை விலக்கி ஒன்றை எடுத்து நான் வெளிச்சத்தில் பிடித்தபோது வாசலில் மொய்த்து நின்ற பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. புத்தகத்தில் படமாக இருந்தது உடம்போடு வந்திருந்தது. "தொட்டுக்கலாமா டீச்சர்?" "தொடுங்கடி, ஒங்களுக்குத்தான் வந்துருக்கு." ஒங்களுக்குத்தான் என்றேன். அன்றைக்கு இன்னொன்றும் சொன்னேன், எல்லோர் முன்னாலும் சொன்னேன், இந்த வருஷம் யாருக்கும் ரீடிங் சொல்லித்தர மாட்டேன், நீங்களே செய்யுங்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள். அரையாண்டு முடியட்டும், பொங்கல் கழித்து தினமும் சாயந்தரம் ஒரு மேஜை என்று பட்டியல் போட்டு ஒட்டினேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் அலமாரித் தட்டில் இருபது நீளக் கோடுகள், தூசி படியாத கோடுகள், பியூரெட்டுகள் படுத்திருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. கீழ்த்தட்டில் மருந்துப் புட்டிகளும் இல்லை. பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. அந்த அறையில் பிரேமாவதி, என் பிரேமி, நாற்காலியில் சாய்ந்தபடி, "ரெண்டே நாள் சுலோ. மேலேர்ந்து ஒரு குழு வருது, டவுன் ஸ்கூலத்தான் காட்டப் போறாங்க. இரவல்தான். நீ ஊருக்குப் போயிருந்த, எப்படிக் கேக்குறது?" என்றாள். ரெண்டே நாள் இருபத்தாறு நாள் ஆயிற்று. நேற்றுச் சாயந்தரம் ஐந்து மணிக்கு வேன் வந்து இறக்கியது, நெற்றியில் டவுன் பள்ளி போட்ட எண்ணோடு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு அதே வேன் திரும்ப வரும், அங்கே நாளைக்குத் தேர்வு.

"டீச்சர்," என்று நாகவள்ளி மெல்லக் கூப்பிடுகிறாள். திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று கண்ணால் கேட்கிறாள். இடது கையை முன்னால் சுற்றிப் பிடித்துக் காட்டுகிறேன். அவள் வலது கையால் பிடுங்குவதுபோலத் திருப்ப, ஊதா பீறிட்டுக் குடுவையில் கொட்டுகிறது, அவள் பயந்துபோய் மூடுகிறாள், பத்தொன்பதோ இருபதோ போய்விட்டது, போனால் என்ன, எழுதப்போவது பதினெட்டு புள்ளி நாலுதானே. அடுத்த மேஜையில் ஆயிஷா நின்ற நிலையில் மேலிருந்து கோட்டைப் பார்க்கிறாள். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், நூறு தடவை சொல்லியிருக்கிறேன், கரும்பலகையில் கண்ணும் கோடும் வரைந்து சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த கண்ணுக்கு முழங்கால் ஏது. கடைசி மேஜையின் ஓரத்தில் ஒரே ஒரு முதுகு தாழ்கிறது. பூமயில் முழங்காலை மடக்கிக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவருகிறாள். அடர்ந்த நிறக் கரைசல் என்றால் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இடது கை திருகைச் சுற்றி வளைந்திருக்கிறது, குழந்தையின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல, வலது கை குடுவையைச் சுழற்றுகிறது. இந்த அறையில் அந்த இரண்டு கைகள் மட்டும் ஒன்றையொன்று தெரிந்தவை. பதினெட்டு புள்ளி நாலில் நிறுத்திவிடு பெண்ணே. அங்கேயே கலர் வந்துவிடும், கணக்குப்படி அங்கேதான் வர வேண்டும், நான் காகிதத்தில் போட்ட கணக்கு.

அந்தக் கைகள் பியூரெட்டில் பழகியவை அல்ல. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா கழுவிக் கொடுத்த குளுக்கோஸ் குழாயில் பழகியவை. அந்த இருபத்தாறு நாளும் அதுதான் எங்கள் ஆய்வகம். குளுக்கோஸ் புட்டியை ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் ஊற்றி, கீழே கண்ணாடி டம்ளரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர், அதில் செம்பருத்திப் பூவைக் கசக்கிய சாறு. செம்பருத்தி சுண்ணாம்பில் பச்சையாகிவிடும். குழாயிலிருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டி உருட்டி எலுமிச்சையைச் சொட்டவிட்டால், ஒரு சொட்டில், அந்த ஒரே சொட்டில், பச்சை சிவப்பாகும். இருபது பேரில் பாதிப் பேர் சர்பத் என்று சிரித்தார்கள், நாலைந்து பேர் இரண்டு மூன்று நாள் செய்தார்கள், பூமயில் விடவில்லை. அவள் அப்பாவுக்குக் கரிமூட்டம். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி மண் பூசி மூன்று நாள் புகையவிட்டுக் கரி எடுக்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் மூட்டத்தடியில் காவல் இருக்க வேண்டும். "சும்மா குந்தியிருக்குற நேரந்தானே டீச்சர், குழாயக் கொண்டுபோகவா?" என்று வாங்கிப்போனாள். கருவேலங்கிளையில் புட்டியைக் கட்டிவைத்துச் சொட்டியிருக்கிறாள். ஒரு மாதத்தில் அரைச் சொட்டு விடக் கற்றுக்கொண்டாள், குழாய் நுனியில் தொங்குகிற பாதிச் சொட்டைக் குடுவையின் விளிம்பில் தொட்டு எடுக்கிற அந்த வித்தை எனக்கே காலேஜில் இரண்டாம் வருஷம்தான் வந்தது. "எங்கப்பா கேக்குறாரு டீச்சர், என்ன நோவு ஒன் மரத்துக்குன்னு." அவள் நகக்கண்ணில் கரி, அது என்ன தேய்த்தாலும் போகாது. பாஸானால் மேலே படி, இல்லாவிட்டால் மூட்டத்துக்கு வா என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். செய்முறையில் தவறினால் மொத்தப் பாடமும் தவறியதுதான். பதினெட்டு புள்ளி நாலில் நிறுத்திவிடு.

ஆறு வருஷம் எழுதிக் கேட்டேனே, ஏன் ஆறு வருஷம் ஆயிற்று? மறக்கத்தான் பார்க்கிறேன். மூன்றாவது வருஷம் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். மேடையிலிருந்த அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. ஒங்க பிள்ளைங்க செய்முறையில எல்லாரும் ஐம்பதுக்கு ஐம்பது. எழுத்துத் தேர்வுலதான் பாதிப் பேர் அம்பேல். லேப் இல்லாமலே முழு மார்க் வாங்குற ஸ்கூலுக்கு லேப் எதுக்கு? கொறை லேப்ல இல்ல, நீங்க பாடம் நடத்துறதுல." கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், முகம் அப்படித்தான் போயிற்று. எழுத்துத் தேர்வில் கரைசல் என்ன நிறம் காட்டும் என்று கேட்டால், நிறத்தைப் பார்க்காத பிள்ளை எதை எழுதும்? அவர்களுக்கு எல்லா நிறமும் பெயர்தான். இதை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க முடியாது. அந்த ஐம்பதை யார் போட்டது? நான் போட்டேன். வெளியூர் வாத்தியாரோடு சேர்ந்து போட்டேன், பாவம் பிள்ளைகள் என்று போட்டேன், இங்கே வருகிறவர் எங்கள் பிள்ளைகளுக்குப் போடுவார், அங்கே போகும்போது நாங்கள் அவர்கள் பிள்ளைகளுக்குப் போடுவோம், யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கருணைதான் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. அதனால்தான் இந்த வருஷம் வேண்டாம் என்றிருந்தேன். முப்பது வரட்டும், இருபத்தைந்து வரட்டும், உண்மையான முப்பது வரட்டும். நேற்று ராத்திரி பிரேமி ஆளனுப்பினாள். "ரீடிங் சொல்லிடச் சொன்னாங்க பெரிய டீச்சர்" என்று ஆய்வக உதவியாள் இருளப்பன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு மாதம் குழாயைத் தொடாத பிள்ளைகளைத் தேர்வில் எப்படி இறக்கிவிடுவது, சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. அவள் சொல்லியனுப்பியதால் சொன்னேன் என்று இருப்பதற்காகவா அவள் ஆளுக்காகக் காத்திருந்தேன்?

அவளுக்கு நான் எண் சொன்னவள். அதுவும் வருகிறது, வராமல் இருக்குமா, இந்த அமில நெடியிலேயே வந்துவிடும். மதுரையில் ஒரே விடுதி அறை, ஒரே மேஜை, கடைசி வருஷச் செய்முறைத் தேர்வு. பிரேமியின் பிப்பெட் நழுவி உடைந்தது, கரைசல் மேஜையில் ஓடியது, அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் தாவணியால் பொத்திக்கொண்டாள். நான் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோய் விரல்களை விரித்தேன். இரண்டு. மறுபடி இரண்டு. மூடிவிட்டு, பிறகு ஆறு. இருபத்திரண்டு புள்ளி ஆறு. அவள் எழுதினாள், முதல் வகுப்பு வாங்கினாள். அன்று ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சுலோ, இத ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்டி" என்றாள். மறக்கவில்லை. எண் சொல்வது எப்படி, கேட்பது எப்படி, மறுநாள் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி எல்லாமே ஞாபகம் வைத்திருக்கிறாள். நான் கொடுத்த விரல்களைத்தான் இவ்வளவு காலம் கழித்து எனக்கே திருப்பி நீட்டுகிறாள். பிரேமி, நீ என்னைக் கேட்டிருக்கலாம். வேன் வருவதற்கு முன்னால் ஒரு தடவை. நான் மறுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில்தான் நீ என்னை நன்றாகத் தெரிந்தவள் என்று தெரிகிறது, அந்த இடத்தில்தான் குத்துகிறது.

"டீச்சர், இன்னுங்கொஞ்சம் கரைசல் வேணும்." பூமயில் காலி பீக்கரை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். எதற்கு இன்னும்? ஆளுக்கு ஒரு பீக்கர், மூன்று தடவைக்குக் காணும், கணக்குப்படி மிஞ்சவே செய்யும். மூட்டு வலியோடு எழுந்து அவள் மேஜைக்குப் போகிறேன். அவள் பியூரெட்டில் ஊதா முப்பத்தாறுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. "மொதத் தடவைக்கே இவ்வளவு போயிருச்சு டீச்சர். விழுந்து விழுந்து மறையுது. இப்பத்தான்..." என்றவள் பேச்சை நிறுத்திவிட்டு மடங்கி உட்கார்ந்து, நுனியில் தொங்குகிற பாதிச் சொட்டைக் குடுவையின் கழுத்தில் தொட்டெடுத்துச் சுழற்றுகிறாள். நிறம் நின்றது. விடியற்காலை மேகத்தின் ஓரம்போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவு சிவப்பு, அது போகவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு மாதம் செம்பருத்திச் சாற்றில் பார்த்ததை மருந்தில் பார்த்துவிட்ட சிரிப்பு. "முப்பத்தாறு புள்ளி எட்டு டீச்சர்" என்றாள் மெதுவாக, நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து. பதினெட்டு புள்ளி நாலுக்குச் சரியாக இரண்டு மடங்கு. பீக்கரை நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

குழாயடியில் இருளப்பன் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். "கரைசல் நீதானே போட்ட?" "ஆமா டீச்சர்." "எவ்வளவு போட்ட?" அவன் தலையைச் சொறிந்தான். "இருந்ததப் போட்டேன். மருந்துப் புட்டி அங்கனயே இருந்துபோச்சுல்ல, வேன்ல திரும்ப வரல. இங்க பழைய டப்பாவுல மிச்சங்கிடந்தது, வேண்டியதுல பாதிதான். ஊதாவாத் தெரிஞ்சாப் போதும், தண்ணியக் கலந்து இருவது குழாய்க்கும் நெரப்பிருன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாக." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவுக." அவன் முகத்தில் கள்ளம் இல்லை. ஒன்றாகப் படித்தவர்கள்தான். பாதிச் சாரத்துக் கரைசல் இருமடங்கு போக வேண்டும் என்று பிரேமிக்குத் தெரியாதா, தெரியும், அவள் முதல் வகுப்பு. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள், எவளும் நிஜமாகச் செய்யப்போவதில்லை என்று நம்பியிருக்கிறாள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. காலையில் கொட்டகைக்குப் பின்னால் நான் சொன்ன எண் பொய் என்றுதான் நினைத்திருந்தேன், அது தவறாகவும் இருக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளே திரும்பி வந்து பார்க்கிறேன். பத்தொன்பது குடுவைகள் தண்ணீர் நிறத்தில் நிற்கின்றன, வாசித்து முடிக்காத கடிதங்கள் மாதிரி. பதினெட்டு புள்ளி நாலில் மூடிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குடுவை மட்டும் சிவந்திருக்கிறது. கண் உள்ள யாரும் வாசலில் நின்றே சொல்லிவிடலாம், பத்தொன்பது பேரில் ஒருத்திகூடச் சோதனையை முடிக்கவில்லை என்று. நாகவள்ளி என் புடவை முந்தியை இழுத்து, "டீச்சர், எனக்குக் கலர் வரல, ஆனா நம்பர் வந்துருச்சு. சரிதானே?" என்றாள். "சரிதான்" என்றேன். இந்த வாய் அதைச் சொல்லிற்று.

பன்னிரண்டே முக்கால். தாள்கள் வந்துவிட்டன. ஜோசப் தங்கையா சார் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் திருப்புகிறார், பதினெட்டு புள்ளி நாலு, பதினெட்டு புள்ளி நாலு, தலையை ஆட்டுகிறார், கடைசித் தாளில் விரல் நிற்கிறது. "என்ன டீச்சர், இந்தப் புள்ளைக்குச் சொல்லலையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கண் மேஜைகளுக்குப் போயிற்று, சிவந்த குடுவையில் நின்றது, வாத்தியார் அல்லவா, ஒரு விநாடி போதும். பெருமூச்சு விட்டார். "அடடா. இது நெசமாவே செஞ்சிருச்சா?" அந்த நெசமாவே-யில் ஒரு மரியாதை இருந்தது, கூடவே பயமும். கரைசல் பாதிதான் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டேன், அந்த அளவுக்காவது சொன்னேன். "அப்ப இது சரின்னா மத்த பத்தொம்போதும் தப்பு. ரெண்டும் சரின்னு போட்டு ஒரே கட்டுல அனுப்ப முடியாது டீச்சர். ஒரு கரைசல், ஒரு விடை. கேள்வி வந்துச்சுன்னா மறுதேர்வு, விசாரணை, பத்தொம்போது புள்ளைங்க வாழ்க்கை. ஒரு புள்ள மாத்தி எழுதிட்டா முடிஞ்சுபோச்சு, முழு மார்க்கும் நானே போடுறேன். நீங்களே சொல்லுங்க, எது பெரிசு?" நான் பத்தொன்பதை எண்ணினேன். நாகவள்ளி, ஆயிஷா, சாமி கும்பிட்ட பிள்ளை. கொட்டகைக்குப் பின்னால் என்னை நம்பி உதடசைத்தவர்கள். இவர்கள் என்ன தவறு செய்தார்கள், டீச்சர் சொன்னதைச் செய்தார்கள். பூமயிலும் டீச்சர் சொன்னதைத்தான் செய்தாள், கார்த்திகையில் சொன்னதை. விசாரணை என்ற சொல்லும் காதில் நின்றது, அதையும் மறைக்கக் கூடாது, ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம் என்று எனக்குள் ஒருத்தி உடனே எண்ணிச் சொன்னாள், பிள்ளைகளை எண்ணியதைவிட வேகமாக. பிறகு நான் பூமயிலைக் கூப்பிட்டேன்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள், வெளியே வேப்பமரத்தடியில் கூச்சலும் சிரிப்பும் கேட்டன. "பூமயிலு, இத அடிச்சுட்டு பதினெட்டு புள்ளி நாலுன்னு எழுதும்மா." அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணு தடவையும் முப்பத்தாறு எட்டுதான் டீச்சர் வந்துச்சு. வேணும்னா இன்னொரு தடவை செஞ்சு காட்டவா?" "வேணாம்." "நான் தப்பாப் படிச்சுட்டேனா?" இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு போயிருப்பாள், என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். அந்தப் பொய்யை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. "நீ படிச்சது சரிதான்" என்றேன். அவள் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று காத்திருந்தேன், இரண்டும் வரவில்லை. ஏதோ ஒன்று மட்டும் அங்கிருந்து மெல்ல எழுந்து போயிற்று, வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போகிறவரைப் போல. "சரிங்க டீச்சர்" என்றாள். நின்றபடியே குனிந்து, அளவுகோலை வைத்து, முப்பத்தாறு புள்ளி எட்டை நேர்க்கோடாக அடித்தாள், மூன்று இடத்திலும். பதினெட்டு புள்ளி நாலு என்று முத்து முத்தாக எழுதினாள். கணக்கையும் மாற்றிப் போட்டாள், ஒரு தப்பில்லாமல். "அடிச்ச எடத்துல நீங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்" என்று தாளை என் பக்கம் திருப்பினாள். அது விதி, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போட்டேன். பச்சை மை, மூன்று இடத்தில், சு-வின் வால் நீண்டு.

அவள் தன் பியூரெட்டை மட்டும் மூன்று முறை கழுவினாள், நுனியிலும் தண்ணீரை ஓடவிட்டு, தலைகீழாகத் தாங்கியில் மாட்டினாள், வேறு எவளும் கழுவவில்லை. பிறகு பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். சுருட்டி ரப்பர் போட்ட குளுக்கோஸ் குழாய், சக்கரம் இறுக மூடியிருந்தது. "வச்சுக்கயேன்" என்றேன். "இல்ல டீச்சர், எனக்கு இனிமே வேணாம்" என்றாள், சாதாரணமாக, மிஞ்சின சுண்ணாம்புக் கட்டியைத் திருப்பித் தருவதுபோல. படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போனாள். "என்னடி விஞ்ஞானி, என்ன சொன்னாக?" என்று நாகவள்ளி கேட்பது கேட்டது. "நம்பர் மாறிப்போச்சாம்" என்று அவள் சொன்னதும் கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரித்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"சுலோ, இலை போட்டாச்சு. சார் பசியா இருப்பாரு, கூட்டிட்டு வா. பிரியாணி ஆறுது" என்று பிரேமி வராந்தாவிலிருந்து கூப்பிடுகிறாள், அதே குரல், விடுதிச் சாப்பாட்டு மணிக்குக் கூப்பிட்ட குரல். சார் கைக்குட்டையால் விரலின் மையைத் துடைத்துக்கொண்டே எழுந்து போகிறார், என் முகத்தைப் பார்க்காமல் போகிற அளவுக்கு நல்லவர். உறைக்குள் இருபது தாளும் ஒரே எண்ணோடு இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், லேப் இல்லாமலே ஐம்பது வாங்குகிற பள்ளி என்று அதே தாளைப் பார்த்துச் சொல்வார்கள். குழாயைக் கையில் எடுக்கிறேன், செய்தித்தாளில் கரி விரல்களின் தடம். இருளப்பன் வாளியோடு வந்து குடுவைகளைச் சேர்க்கிறான். வேன் வருவதற்குள் கழுவி அடுக்க வேண்டும் அவனுக்கு. "எல்லாத்தையும் ஊத்திரவா டீச்சர்?" தலையசைத்தேன். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தான், தண்ணீர் நிறம், தண்ணீர் நிறம், கடைசி மேஜையின் ஓரத்துக்கு வந்ததும் அவன் கை தயங்கிற்று. குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இளஞ்சிவப்பு இன்னும் போகவில்லை. "இது மட்டும் நல்லாருக்கே டீச்சர். இதயுமா?"

"இதையும்தான்" என்றேன்.